பசைப் புட்டியும் அறுபத்து நான்கு பேரும்

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐஸ் குச்சிப் பாலத்தை நாளைக் காலை அறிவியல் மிஸ் மேஜையில் வைத்தாக வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பாலத்துக்கு இரண்டு கால்கள் மட்டும் இருந்தன. பசையைக் காணோம். அம்மா வேலையிலிருந்து வரவில்லை. அப்பாவின் பட்டறைக்கு ஃபோன் செய்தேன். அப்பா விமானங்களைப் பழுது பார்ப்பவர். உள்ளே செல்ஃபோன் கூடாது. சுவரில் மாட்டிய ஒரு ஃபோன்தான் எல்லாருக்கும்.

எடுத்தவர், "அவசரமாம்மா?" என்றார்.

நான் கொஞ்சமும் கூசாமல், "ரொம்ப அவசரம் அங்கிள்" என்றேன்.

அப்பா மூச்சு வாங்க வந்தார். "குட்டி, என்ன ஆச்சு?"

"பசை எங்கப்பா இருக்கு?"

"அலமாரில ரெண்டாவது தட்டு. இதுக்காடி கூப்பிட்ட?" என்று வைத்துவிட்டார்.

பசை அங்கேதான் இருந்தது. பாலம் முடிந்தது. என் விரல்கள் இரண்டு ஒட்டிக்கொண்டன, வெந்நீரில் பிரித்தேன்.

செப்டம்பர் 10

என் பாலம் மூன்று செங்கல் தாங்கியது. வகுப்பிலேயே முதல். 'உறுதியான கட்டுமானம்' என்று மிஸ் எழுதிக் கொடுத்தார். தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தால், அந்த நேரத்தில் இருக்கக்கூடாத அப்பா இருந்தார். யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், விளக்கைப் போடாமல்.

காலையில் கிளம்பிய விமானத்தில் ஒரு இன்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகியதாம். பைலட் அதை நிறுத்திவிட்டு, மற்ற இன்ஜினை நம்பித் திரும்பி வந்து இறங்கினாராம். அறுபத்து நான்கு பேர். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எண்ணெய் வடிகட்டி மூடியில் நான்கு போல்ட். நான்கும் கையால் திருகியதோடு நின்றிருந்தன. ஸ்பேனர் படவே இல்லை. அது அப்பா செய்த வேலை. நேற்று மாலை.

நேற்று மாலை எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. பாலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 12

விசாரணை முடியும்வரை அப்பா வேலைக்குப் போகக்கூடாது. லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தார். அது திரும்பி வருமா என்று அம்மா கேட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அம்மா என் அறையில்தான் தூங்குகிறாள், அப்பாவின் குறட்டைக்குப் பயந்து. அதனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இதை எழுதுகிறேன். பெரிய குற்றவாளிகளுக்கெல்லாம் பாதாள அறை இருக்கும். எனக்கு வாளி.

கொலைகாரி என்று சொல்ல முடியாது, யாரும் சாகவில்லை. கொலை முயற்சி? ஆயுதம் என்ன என்று நீதிபதி கேட்டால் — பசை, ஐயா.

செப்டம்பர் 15

அடிக்கடி குளியலறைக்குப் போகிறேன் என்று அம்மா வயிற்றுக்குக் கசப்பு மருந்து கொடுத்தாள். குடித்தேன். இந்தத் தண்டனையாவது கிடைக்கட்டும்.

செப்டம்பர் 17

இன்று கையெழுத்து மாமா வந்தார். அப்பா முடிக்கும் வேலையை இன்னொருவர் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். வருடக்கணக்காக அது இந்த மாமாதான். அவருக்கும் இப்போது வேலையில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். (நல்ல குணம் ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை.)

"ஃபோன் வந்துச்சுன்னு சொல்லிடுடா. உனக்குத்தான் நல்லது" என்றார் மாமா.

"சொல்ல மாட்டேன்."

"நடுவுல கூப்பிட்டாங்க, மறந்துட்டேன்னு சொன்னா புரிஞ்சுப்பாங்கடா. ஒண்ணுமே நடக்கலைன்னா, நீ சும்மாவே வேலையைப் பாதியில விடற ஆளுன்னு ஆயிடும். லைசென்ஸ் போயிடும்."

"போகட்டும். என் பொண்ணை அந்தப் பேப்பர்ல இழுக்க மாட்டேன். சின்னப் பொண்ணு. ஆயுசுக்கும் அதையே நினைச்சுட்டு இருப்பா."

அப்பா, நான் ஏற்கெனவே அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாளி மேல் உட்கார்ந்து.

செப்டம்பர் 18

விசாரணை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, அறுபத்து நான்கு பேரைப் பற்றி எழுதிக்கொள்வது' — லீவு லெட்டர் மாதிரியே இருந்தது. நான்கு தடவை எழுதினேன். பயம். நான்கையும் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அடைத்துக்கொண்டது.

செப்டம்பர் 19

அப்பா குழாயைப் பிரித்துச் சரிசெய்தார். காகிதம் கூழாகிவிட்டிருந்தது, தப்பித்தேன். மூடியைப் பொருத்திவிட்டு ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து. அப்புறம் இன்னொரு முறை. கை கழுவப் போனவர் பாதியில் வந்து மறுபடி தொட்டார். ஒரு கழிவறைக் குழாய்க்கு.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை மேடம் வீட்டுக்கே வந்தார். முதுகுப் பை, தேய்ந்த செருப்பு. போலீஸ் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். எங்கள் நூலக மிஸ் மாதிரி இருந்தார். சம்பவத்துக்கு முந்தைய மூன்று நாளும் அப்பா எத்தனை மணிக்குத் தூங்கினார், என்ன சாப்பிட்டார், வீட்டில் சண்டை உண்டா என்றெல்லாம் கேட்டார். ("குறட்டைதான்" என்றாள் அம்மா.)

நான் தண்ணீர்த் தம்ளர்களோடு போனேன். அப்போதுதான் கேட்டார்: "வேலைக்கு நடுவுல யாராவது உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல மேடம்."

தட்டில் தம்ளர்கள் கடகடவென்று ஆடின. "நான் கூப்பிட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"நீ உள்ள போ!" அப்பா என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை.

மேடம் நிதானமாக நோட்டில் பழைய பக்கம் ஒன்றைத் திருப்பினார். "அஞ்சு மணி பத்து நிமிஷம். பொண்ணு குரல். ரொம்ப அவசரம். ஃபோன் எடுத்தவர் அன்னிக்கே சொல்லிட்டார். என்ன அவசரம்னுதான் தெரியல."

"பசை" என்றேன்.

"பசையா?"

"பாலத்துக்கு."

எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். பதிமூன்று நாள் நான் பொத்திப் பொத்தி வளர்த்த குற்றம், அவர் நோட்டில் ஒற்றைச் சொல். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

"ஃபோன் எங்க இருக்கு?" என்று அப்பாவைக் கேட்டார்.

"அந்தக் கடைசில. வலது இன்ஜின் பக்கம்."

"நீங்க பார்த்துட்டு இருந்தது இடது இன்ஜின். பேசி முடிச்சுட்டு எங்க போனீங்க?"

"வலது பக்கம். கிட்ட இருந்துச்சு. அடுத்து அதைத்தான் செய்யணும். இடது முடிஞ்சுதுன்னே... மனசுல முடிஞ்சிருச்சு மேடம்."

"பாதியில விட்டா சிவப்புத் துணி கட்டிட்டுப் போகணுமே?"

"துணி தீர்ந்து ரெண்டு மாசம். மூணு தடவை எழுதிக் கேட்டேன்."

மேடம் அப்போதுதான் வேகவேகமாக எழுதினார். என் பசைக்கு இவ்வளவு வேகம் இல்லை. "ரெண்டாவது கையெழுத்துப் போட்டவர் பார்க்கலையா?"

"என்னைப் பார்த்தான். மூடியைப் பார்க்கல."

கிளம்பும்போது மேடம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாலம் நின்னுச்சா?" என்று கேட்டார்.

"மூணு செங்கல்" என்றேன். அதற்குமேல் முடியவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது அப்பா, "ஏன்டி சொன்ன?" என்றார்.

"நீங்க ஏன்ப்பா சொல்லல?"

நடுவில் அம்மா, "அப்போ உனக்கு வயித்துல ஒண்ணும் இல்லையா?" என்றாள். பாதி பாட்டில் மருந்து வீணானதில் அவளுக்கு வருத்தம்.

அக்டோபர் 30

லைசென்ஸ் வந்துவிட்டது! இரண்டு வாரம் வகுப்பு, ஒரு பரீட்சை. இரண்டையும் முடித்த பிறகுதான் கொடுத்தார்கள். அப்பா எழுபத்தெட்டு மார்க். போல்ட்டுக்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம், பொய்க்காக இன்னொன்று. பொய்க்கானதுதான் நீளமாக இருந்தது. மாமாவுக்கும் ஒரு கடிதம், வகுப்பு, பரீட்சை. சுவர் ஃபோனை அலுவலக அறைக்கு மாற்றிவிட்டார்கள். சிவப்புத் துணி இருநூறு வந்திறங்கியதாம்.

நவம்பர் 21, வெள்ளி

அப்பா இன்று தாமதமாக வந்தார், கடுகு போட்டால் வெடிக்கும் முகத்தோடு. பின்னாலேயே மாமா.

"மூடி, பூட்டி, எல்லாம் முடிச்சு வச்சா, திறன்னு சொல்றான்! நாப்பது நிமிஷம்! என் கையைப் பத்தி உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும். அதான் போன தடவை பார்க்காம கையெழுத்துப் போட்டேன்."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். சோறு போடும்மா, பசிக்குது" என்று மாமா அம்மாவைப் பார்த்தார்.

அப்பா திட்டிக்கொண்டே உட்கார்ந்தார், திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். இரண்டு மாதமாகத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மனிதர். நான் மேஜையின் மறுகோடியில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுப்பாடம் என்று நினைக்கிறார்கள்.

"கடைசில என்ன ஆச்சு? எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" என்கிறார் அப்பா.

"இருந்துச்சு" என்கிறார் மாமா, வாயில் சோற்றோடு. "நாளைக்கும் திறக்கணும்."