கிழிகாதின் குழந்தை

அன்புள்ள வாத்தியாருக்கு,

இங்கே மழை நலம், அட்டைகள் மிகமிக நலம், நானும் ஒருமாதிரி நலம். உங்கள் மூட்டுவலியும் உங்கள் அக்காவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா? போன தாளை நன்றாக எழுதினேன் என்றாள். அவள் நன்றாக எழுதினேன் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறி நின்று போன் செய்தபோது, சாமான் ஏற்ற லாரியை என்றைக்கு அனுப்பட்டும் என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் நான் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைத்தான் மென்று முழுங்கினேன். அதனால் இந்தக் கடிதம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்ற வசதியும் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நான் வரவில்லை. நகரத்து ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பதவி எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணம் நான்தான். நின்றுகொண்டே படிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

கிழிகாதைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் நான் சொல்லித் தீர்த்த கதை அது. இருந்தாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தப்பு முதலிலேயேதான் இருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கிளம்பியபோது, எங்கள் குரங்குக் கூட்டத்தில் கிழிகாது என்றொரு பெண் இருந்தது. இடது காது கிழிந்திருக்கும். வயதானது, குட்டி போட்டதே இல்லை, யாரையும் கிட்ட அண்டவிடாத சிடுமூஞ்சி. அதே கூட்டத்தில் ஊமை என்று இன்னொன்று. சத்தமே போடாது. அப்போது அது சினையாக இருந்தது. இரண்டுக்கும் ஆகவே ஆகாது. நான் இல்லாத ஆறு மாதமும் முகாம் பூட்டிக் கிடந்தது. என்னோடு காட்டுக்குள் வரும் வழிகாட்டி அண்ணனும் சாலை வேலைக்குப் போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது ஊமையைக் காணவில்லை. இடது காது கிழிந்த பெண் ஒன்று உயரமான கிளையில் உட்கார்ந்திருந்தது. அதன் மார்பில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டு பால் குடித்தது. ஊமை குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போயிருக்கிறது, குட்டி போடாத கிழிகாது தனக்கு ஆகாதவளின் குழந்தையை எடுத்துப் பால் சுரந்து வளர்க்கிறது என்று நான் எழுதினேன். உலகம் அந்தக் கட்டுரையைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பாடப்புத்தகத்தில் படத்தோடு வந்தது. இந்த முகாமுக்குக் கூரை மாறியது, ஜீப் வந்தது, எனக்கு ஒரு பெயர் வந்தது. எல்லாம் அந்த ஒரு கட்டுரையால்.

அது பொய். நான் தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனால் பொய்தான்.

குரங்குகளின் கழிவை நாங்கள் புட்டிகளில் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்து ஒருமுறை அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாரே, அந்தப் புட்டிகளை இரண்டு மாதத்துக்கு முன் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எது எதற்குப் பிறந்தது என்று இப்போது அதை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். கிழிகாது என்று நான் எழுதி ஒட்டிய புட்டியும் அந்தக் குட்டியின் புட்டியும் தாயும் பிள்ளையும் என்று முடிவு வந்தது. ஆய்வகத்துப் பெண்ணைப் போனில் வாய்க்கு வந்தபடி பேசினேன். புட்டியை மாற்றிவிட்டாய் என்றேன். அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து செய்து அனுப்பினாள். அதே முடிவு. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பிறகு பெட்டியிலிருந்து பழைய படங்களை எடுத்து மேஜையில் பரப்பினேன். பிரசவத்துக்குப் போகும் முன் எடுத்த படத்தில் காதுக் கிழிசல் உச்சியில் இருக்கிறது. வந்த பிறகு எடுத்ததில் ஒரு விரல் கீழே இருக்கிறது. மோவாய்க்கடியில் ஊமைக்கு இருந்த அதே வெள்ளைத் திட்டு. பத்தொன்பது வருடமாக என் கண் முன்னால் இருந்த திட்டு. செத்தது கிழிகாது. ஊமைக்கு ஏதோ சண்டையில் காது கிழிந்திருக்கிறது. அது தன் குட்டியைத் தானே வளர்த்தது. உலகத்தில் எல்லாத் தாயும் செய்வதை ஒரு குரங்கு செய்ததற்கு நான் பன்னிரண்டு பக்கம் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். சிரிக்க வேண்டும் போல இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒருநாள் சிரித்தேன்.

படங்களை வழிகாட்டி அண்ணனிடம் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. நான் திரும்பி வந்த முதல் வாரமே அவர், "இது அது இல்லம்மா, நடை வேற" என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது. காதைப் பாருங்கள், நடையெல்லாம் வயதானால் மாறும் என்று நான் அன்றைக்கு அடக்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று இப்போது கேட்டேன்.

"ரெண்டு தடவ சொன்னேன். அதுக்குள்ள நீங்க நோட்டுல எழுதிட்டீங்க. எழுதினதுக்கு அப்புறம் நான் என்னத்தம்மா சொல்றது?"

அவர் குத்திக்காட்டவில்லை. மழைச் சட்டையை உதறிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தேர்வுக் குழுத் தலைவருக்கு அடுத்த நாளே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். என் மேல் அக்கறையோடுதான் பேசினார். முதலில் வந்து பதவியில் உட்காருங்கள், ஆறு மாதம் கழித்து ஒரு மூலையில் சின்னதாகத் திருத்தம் போட்டுக்கொள்ளலாம், இத்தனை வருடம் கிடந்தது இன்னும் ஆறு மாதம் கிடக்காதா என்றார். உங்களிடம் மறைக்க மாட்டேன். அன்று பாதி நாள் அதற்குச் சரி என்றே நினைத்திருந்தேன். நீங்கள் பார்த்து வைத்த வாடகை வீட்டை நினைத்தேன். நிறுவனத்துக்குப் பத்து நிமிட நடை. என் மேஜைக்கு ஜன்னலோரம் இடம் விட்டு, அளவெடுத்து, காகிதத்தில் படம் போட்டு அனுப்பியிருந்தீர்கள். கணக்கு வாத்தியார் போட்ட படம், ஒரு கோடுகூடக் கோணல் இல்லை. அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். திருத்தம் என்று எழுதவில்லை. அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். ஆறு மாதம் பூசி மெழுகிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், பிள்ளைகளிடம் உண்மையாக எழுதுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

நகலைத் தேர்வுக் குழுவுக்கும் அனுப்பியிருந்தேன். பத்து நாளில் அங்கிருந்து பதில் வந்தது. இந்த நேரத்தில் உங்களை இயக்குநராக நியமிப்பது பொருத்தமாக இருக்காது, விருப்பம் இருந்தால் ஆசிரியராக வந்து வகுப்பு எடுக்கலாம் என்று.

இந்த இடத்தில்தான் நீங்கள் என் மேல் கோபப்படப் போகிறீர்கள். வகுப்பு எடுக்க வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்திருக்கலாம். வர முடியாது என்று எழுதிவிட்டேன். உங்களைக் கேட்காமல் எழுதியது தப்புதான். கேட்டிருந்தால் வந்துவிடு என்று சொல்லியிருப்பீர்கள், நானும் வந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

இங்கே அறுபத்தொரு குரங்குகளின் வரலாறு என் கையெழுத்தில் இருக்கிறது. எது எதன் மகள், எது எதோடு சண்டை, எது எதை விட்டுப் போனது எல்லாம். ஒரு காதில் ஏமாந்தவள் மற்றக் காதுகளில் ஏமாறவில்லை என்று எப்படிச் சொல்வது? இதை நம்பித்தான் எத்தனையோ பேர் மேலே மேலே கட்டியிருக்கிறார்கள். அதனால் முதல் நோட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி பார்க்கப் போகிறேன். படம், புட்டி, நடை மூன்றும் ஒத்துப்போனால்தான் பெயர். இனிமேல் நோட்டில் இரண்டு கட்டம். ஒன்றில் நான் பார்த்தது, இன்னொன்றில் அண்ணன் சொன்னது. இரண்டும் முரண்பட்டால் முரண்பட்டது என்றே எழுதி விட்டுவிடுவோம். திங்கட்கிழமை தொடங்கினோம். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தான் சொன்னதை நிஜமாகவே எழுதுகிறேனா என்று. ஏழு குரங்குகள் முடிந்துவிட்டன, ஏழும் சரி. எப்படியும் மூன்று வருடம் ஆகும். முடிக்காமல் வர மாட்டேன்.

ஜன்னலோர இடத்தை அக்காவின் தையல் மெஷினுக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டை மட்டும் விட்டுவிட வேண்டாம், உங்கள் மூட்டுக்கு மாடி இல்லாத வீடு நல்லது.

இவ்வளவும் எழுதி இரண்டு நாள் ஆகிவிட்டது. தபால் ஜீப் பாலம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று. முக்கியமானதை எழுதாமலே மூடப் பார்த்தேன்.

ஏன் ஏமாந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மரம் உயரம், வெளிச்சம் போதாது, ஆறு மாத இடைவெளி. பத்திரிகைக்கு இதைத்தான் எழுதினேன், அவ்வளவும் உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. நான் நாலு மாதக் குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தவள். இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போயேன் என்று பேருந்து நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தீர்கள், நான் கேட்கவில்லை. இங்கே வந்து முதல் வாரம் முழுக்க மார்பு கட்டி வலித்தது, காய்ச்சல் அடித்தது. அந்த வாரத்தில்தான் மேலே அண்ணாந்து பார்த்தேன். பெறாத ஒருத்தி ஒரு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது அவள் தேவைப்பட்டாள், வாத்தியாரே. வேறு யாராக இருந்தாலும் கூடாது, அவளாகவே இருக்க வேண்டும் என்று இருந்தது. அண்ணன் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான்.

மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது, "நாலு மாசத்துல என்ன விட்டுட்டு ஏம்மா போன?" என்று கேட்டாள். நீங்களும் அப்போது அறையில் இருந்தீர்கள். நான் அவளுக்குக் கிழிகாதின் கதையைச் சொன்னேன். பெற்றவள்தான் வளர்க்க வேண்டும் என்று இல்லை கண்ணு, காட்டிலேயே அப்படி இல்லை, பார் என்றேன். அவள் அதைப் படமாக வரைந்து பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நானும் தப்பித்தேன் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பத்திரிகையில் வந்துவிடும். யாரோ சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது. இந்த உறைக்குள் இன்னொரு உறை வைத்திருக்கிறேன், அது அவளுக்கு. அந்தக் குரங்கு பெற்ற தாய்தான், காது கிழிந்தும் தன் குட்டியைத் தானே வளர்த்த தாய்தான் என்று அதில் எழுதியிருக்கிறேன். நான் அன்றைக்குச் சொன்னது பதில் இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். போனதற்கு வருந்துகிறேனா என்று கேட்பாள். வேலைக்குப் போனதற்கு இல்லை, அவளிடம் அப்படிச் சொன்னதற்குத்தான் என்பதையும் எழுதிவிட்டேன். ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவள் இஷ்டம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் அதைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கோபப்பட்டால் படட்டும், அழுதால் அழட்டும். உங்கள் வழக்கப்படி எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அம்மா நல்லவள்தான் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். நீங்கள் அவள் பக்கமே இருங்கள், அந்தப் பேருந்து நிலையத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்த நாளிலிருந்து இருப்பதைப் போல.

என்றும் உங்கள்,
காட்டுக்காரி