அண்ணனுக்கு நான் வைத்த பெயர்

மார்ச் 4, செவ்வாய்

நகம் வெட்டினேன். கறுப்புச் சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது, தைத்தேன். டிவி மூலையில் சின்னப் பெட்டிக்குள் நின்று, மற்றவர்கள் பேசுவதைக் கையால் சொல்கிறவளுக்கு அலங்காரம் இவ்வளவுதான்.

இன்றைய விவாதம் பிராட்பேண்ட் ஒப்பந்தம். ஊர் ஊராக இணைய கேபிள் போட்டாகிவிட்டது என்று அரசாங்கம் சொல்கிறது. பல ஊர்களில் கேபிளே இல்லை, கம்பெனிக்குப் பணம் மட்டும் போய்விட்டது என்று எதிர்க்கட்சிக்காரர் கிளப்பிவிட்டார். ஆளுங்கட்சிக்காரர் வயிற்றெரிச்சல் என்றார். கடைசியில் நாலு பேரும் சேர்ந்து கத்தினார்கள். எனக்கு இருப்பது இரண்டு கைதானே? யார் சத்தம் பெரிதோ அவர் பக்கம் தோளைத் திருப்பிக்கொண்டு சமாளித்தேன்.

"வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்ட அந்த அதிகாரி யார்?" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நீளத்தைக் கையால் சொல்லி மாளாது. அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன்: கையெழுத்துக்கு உள்ளங்கையில் ஒரு கிறுக்கல், அதிகாரிக்குத் தோளில் இரண்டு விரல். யாரென்று தெரியாதவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் விமர்சனம். பிறவியிலேயே காது கேட்காத அம்மாவுக்கு என் நிகழ்ச்சிதான் செய்தி, பொழுதுபோக்கு, தம்பட்டம் எல்லாம். "நடுவுல உன் கை சோம்பேறித்தனம் பண்ணுச்சு. ஆனா அந்த அதிகாரிக்கு வச்ச பேரு நல்லா இருந்துச்சு. பார்த்ததும் புரியுது." அம்மா கையால் சொல்வதை வாயால் சொன்ன மாதிரிதான் இங்கே எழுதுவேன். அவள் கைக்கு ஒரு குரல் உண்டு, எனக்குக் கேட்கும்.

அண்ணனும் அந்தத் துறையில்தான் இருக்கிறான். போனில் கேட்டேன். "அதெல்லாம் அரசியல்மா. நாலு நாள் கத்துவாங்க, அப்புறம் வேற ஏதாவது கிடைச்சிரும்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.


மார்ச் 6, வியாழன்

அம்மா தலை வாரி, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, சித்தியைக் கூப்பிட்டாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. அவ்வளவுதான்.

சித்திக்கும் காது கேட்காது. மலை ஊரில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் முகம் பார்த்தால்தான் பேச்சு. பழைய காலத்து ஆள்கள், எழுத்து பெயருக்குத்தான் தெரியும். இந்தக் கேபிள் திட்டம் தொடங்கியபோது அண்ணன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து சொன்னான்: "இனிமே நீயும் சித்தியும் பக்கத்து ஜன்னல்ல நின்னு பேசற மாதிரி பேசலாம்." அம்மா அதைத் தெருவுக்கே சொன்னாள். போன வருஷம் அவர்கள் ஊருக்கு இணைப்பு வந்துவிட்டதென்று அவனே செய்தி கொண்டுவந்தான். வட்டம் சுற்றியது. சித்தியின் போன்தான் கோளாறு என்றான். புதுப் போன் வாங்கி அனுப்பினான். அதற்கும் வட்டம்தான்.

"அவளுக்கு போனைப் பிடிக்கத் தெரியல. சின்ன வயசுலேருந்தே மக்கு" என்று இன்றைக்கும் தங்கைக்குத்தான் திட்டு.

சித்திக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டதாம், பக்கத்துக் கடைக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். மற்றவர்களுக்குக் கை நடுக்கம். எங்களுக்கு அது குரல் போவது. அம்மாவின் அவசரம் அதற்குத்தான்.


மார்ச் 11, செவ்வாய்

எப்படி எழுதுவது.

எதிர்க்கட்சிக்காரர் படம் கொண்டுவந்தார். சுவரில் மாட்டிய இணைப்புப் பெட்டி, கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒரு கம்பி கூட இல்லை. குருவி கூடு கட்டியிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பையும் கையால் சொன்னேன். அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். நீலச் சுவர். கொடியில் வெள்ளை விரிப்புகள்.

சித்தியின் கடை.

"இந்த ஊர்ல வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டவர் பேரை இப்ப சொல்றேன்" என்றார். சொன்னார். முழுப் பெயர், பதவி, எல்லாம். என் அண்ணன் பெயர்.

என் கை நின்றுவிட்டது. காதில் மாட்டிய இயர்போனில் தயாரிப்பாளர் — அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்' — "கை! கை!" என்று அலறுகிறார். எனக்குக் கேட்கிறது. தூக்க முடியவில்லை. எந்தப் பெயரைச் சொல்வேன்? எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பெயர் நெஞ்சில் இரண்டு தட்டு. குறைமாதத்தில் பிறந்து அம்மாவின் நெஞ்சிலேயே கிடந்து பிழைத்தவன். அதை அங்கே வைத்துச் சொல்வதா?

பேச்சு ஓடிவிட்டது. நான் மறுபடி கையைத் தூக்கியபோது வேறு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.


மார்ச் 12, புதன்

நேற்று வீட்டுக்கு வந்தபோது அம்மா டிவியை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் கை நின்னுச்சு?"

"சுளுக்கு."

"அந்த ஆளு வாய் அசைஞ்சுட்டே இருந்துச்சு."

"ஏதோ சொன்னாரு. முக்கியமில்ல."

"அவன் பேரு எந்த வாயில வந்தாலும் எனக்குத் தெரியும்" என்றாள். "நான் வச்ச பேரு."

இன்று காலை சர்க்கரை டப்பா அலமாரிக்குள் போய்விட்டது.


மார்ச் 14, வெள்ளி

காது கேளாதோர் சங்கத்துச் செயலாளர் வந்தார். தையல்காரர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். கட்டைவிரலை வாயில் வைத்து என்னைக் கூப்பிடுவார். விரல் சூப்பினவள் என்று எனக்கு வைத்த பெயர் அது, தலை நரைத்தாலும் மாறாது.

திட்டுவார் என்று நினைத்தேன். சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நடுவுல எங்களுக்குக் கதவைச் சாத்திட்ட" என்றார். "யார் பேரு அதுன்னு நாங்க எல்லாரும் மறுநாள் கடையில, பஸ்ல, காது கேக்கறவங்க கிட்டயெல்லாம் போய்க் கேட்டோம். உனக்குக் கஷ்டம், புரியுது. விலகறதுன்னா விலகிக்கோ. நிக்கறதுன்னா முழுசா நில்லு. பாதிக் கதவு வேணாம்மா."

அவசரத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன், அந்த அதிகாரி என் அண்ணன் என்று. "அடப்பாவமே" என்றார். விவாதத்துக்கு வேறு ஆளைப் போட்டார். நிம்மதி என்றுதான் எழுத வந்தேன். நிம்மதியா?


மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் வந்தான். அவனைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள்.

அம்மா மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு: அம்மா இருக்கும் அறையில் கையில்லாமல் யாரும் பேசக்கூடாது. ரகசியமானாலும் சண்டையானாலும் கையோடுதான். அப்பா போன பிறகும் அதை மீறியதில்லை. அண்ணன் இன்று அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வாயால் மட்டும் பேசினான்.

"கையெழுத்துப் போட்டது நீதானா?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் போட்டாங்க. வருஷ முடிவுக்குள்ள முடிச்சுக் காட்டணும்னு மேலேருந்து போன். கேபிள் பின்னாடி வந்துரும்னாங்க. நான் மட்டும் மாட்டேன்னு நிக்க முடியுமா?"

"காசு வாங்கினியா?"

"இல்லம்மா. உன்மேல சத்தியமா இல்ல."

நம்பினேன். இந்த நிமிஷம்கூட நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் கேட்க வேண்டியது அதுவல்ல.

"சித்தி ஊருக்கு வரலைன்னு உனக்குத் தெரியுமா?"

"எத்தனையோ ஊர். அதுல அதுவும் ஒண்ணு."

"தெரியுமா, தெரியாதா?"

"அதான் அவங்களுக்குப் புதுப் போன் வாங்கிக் குடுத்தேனே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கேபிள் இல்லையென்று தெரிந்தேதான் சித்தியின் போன் கோளாறு என்றிருக்கிறான். தெரிந்தே புதுப் போன் வாங்கியிருக்கிறான். அம்மா இங்கே ஒரு வருஷமாகத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்து, தங்கையை மக்கு மக்கு என்று திட்டிக்கொண்டு — டேய் அண்ணா, நீ அதைப் பார்த்துக்கிட்டே டீ குடிச்சியேடா.

அம்மா மேஜையைத் தட்டினாள். "என்ன சொல்றான்?"

"சொல்லாத" என்றான் அண்ணன். "வேற ஏதாவது சொல்லு. ப்ளீஸ்."

பாதிக் கதவு வேண்டாம் என்றார் தையல்காரர். சொன்னேன். எங்கள் தொழிலில் 'அவர் சொன்னார்' என்பது கிடையாது, பேசுகிறவராகவே நின்று 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நானும் அப்படியே சொன்னேன்: "எனக்குத் தெரியும். அதான் புதுப் போன் வாங்கிக் குடுத்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவனுடைய முதுகைப் பார்த்தாள். மிச்ச பீன்ஸையும் நறுக்கி முடித்தாள்.


மார்ச் 17, திங்கள்

எனக்கு என் அண்ணன் வேணும். பழைய அண்ணன். வேறொண்ணும் எழுத வரல.


மார்ச் 26, புதன்

நாளை விசாரணை ஆணையத்தின் முன் அண்ணன் வாக்குமூலம். நேரலை. நான் போவதாக இல்லை. சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "நீதான் நிக்கணும். அவன் பேசறதை வேற யார் கையிலயும் நான் பார்க்க மாட்டேன்."

"அம்மா, என்னால முடியாது."

"என்னாலயும்தான் முடியாது. என்ன பண்றது?"


மார்ச் 27, வியாழன்

அண்ணன் பேச்சுக்கு நானே நிற்கிறேன் என்றதும் அவசரம் தலையைச் சொறிந்தார். தையல்காரரையே போனில் பிடித்து, எனக்குப் பதில் போட்ட ஆளின் கையால், முகம் பார்த்துக் கேட்டார். சங்கத்துக்குச் சம்மதம். நின்றேன்.

அண்ணன் இளைத்திருந்தான். காலர் பெரிதாகத் தெரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் அங்கே கேபிள் போடவில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டேன். என் சொந்தச் சித்தி இருக்கும் ஊர் அது."

சித்தியையும் இழுத்துக்கொண்டான்.

என் கை சொன்னது: எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டேன். என் சொந்தச் சித்தி. என் கை, என் முகம், என் 'நான்'. நெஞ்சில் விரலை வைத்து நாலு தடவை 'நான்' என்றேன். எங்கேயோ வீட்டில் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தபோது சாதம் போட்டுவைத்திருந்தாள். விமர்சனத்துக்குக் காத்திருந்தேன். "இன்னிக்கு உன் கை ஒரு இடத்துலயும் தடுமாறல" என்றாள்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பைத்தியம். அம்மாவுக்கா கேட்கப்போகிறது?


ஏப்ரல் 2, புதன்

அண்ணன் கைது. அம்மா என் நிகழ்ச்சி நேரத்தில் டிவி போடவில்லை.


ஏப்ரல் 19, சனி

அம்மாவைச் சித்தியிடம் கூட்டிப்போனேன். முழங்காலை நீட்ட முடியாமல் பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வந்தாள், ஒரு முனகல் இல்லை. வழியெல்லாம் தங்கையிடம் சொல்ல வேண்டியதை மடியிலேயே விரலால் ஒத்திகை பார்த்தாள். அதில் மன்னிப்பு நிறைய இருந்தது.

பெட்டி இன்னும் சுவரில் இருக்கிறது. படம் எடுக்க வருகிறவர்கள் கதவை ஆட்டி ஆட்டிக் கூடு கலைந்துவிட்டது.

சித்தி ஓடிவந்தாள். கையைத் தூக்கினாள். விரல்கள் நிற்கவில்லை. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அது வேறொன்றாகி, அதுவும் உதறிப்போய்... எனக்குப் பாதி கூடப் புரியவில்லை. இதே தொழிலில் இருக்கிறேன் நான். அம்மா அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, பிடித்த இடத்திலிருந்து படிக்கப் பார்த்தாள். சித்தி சிரித்தாள், திரும்பச் சொன்னாள், மறுபடி சொன்னாள். கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

போன வருஷம் நடுக்கம் வலது கையில் மட்டும்தான் இருந்தது என்றார் பக்கத்துக் கடைக்காரர். "அப்பெல்லாம் நல்லாப் பேசுவாங்க. தினமும் அந்தப் புது போனை நிறுத்தி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அக்கா வருவா அக்கா வருவான்னு காட்டுவாங்க."

அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சொன்னேன், முழுதாக.


மே 8, வியாழன்

அண்ணனுக்கு ஜாமீன். அண்ணி காரிலேயே இருந்துகொண்டாள், அவன் மட்டும் மாடி ஏறி வந்தான். தாடி. சட்டையை உள்ளே விடவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் வாசலிலேயே நின்று நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்வான், நான்தான் வந்திருக்கேன் என்று. அப்புறம் மறுபடியும் தட்டினான், மெதுவாக.

அம்மா பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். உள்ளங்கையில் ஒரு கிறுக்கல். தோளில் இரண்டு விரல். "சாப்பிட்டாச்சான்னு கேளு."

வாய் பேசுவதற்கு முன்னால் கையால் பேசக் கற்றவன் அவன். எல்லாம் புரிந்தது அவனுக்கு. ஆனாலும் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் வேலையைச் செய்தேன். அவன் பக்கம் திரும்பி வாய்விட்டுக் கேட்டேன்:

"சாப்பிட்டீங்களா?"

அவன் இரண்டு கையையும் தூக்கினான், அம்மாவை நோக்கி. அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து கீழே போட்டான்.

"இல்ல" என்றான், வாயால்.

அதை அம்மாவுக்குக் கையால் சொன்னேன். அவள் தட்டு எடுக்க உள்ளே போனாள்.