உப்பேறிய கம்ப்யூட்டர்

கடலோர நெம்மேலியில் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நேற்று ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தியது. "நீதான் இன்னாவோ பண்ணிட்ட" என்று மனைவி சுஜாதாவிடம் பார்த்திபனும் கத்தினான்.

காலையில் அவன் தூங்கும்போதே அவள் பெட்டியைத் திறந்து, ரேம் அட்டையைக் கழற்றி, அதன் முனையைப், பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினாள். திரையில் வெளிச்சம் வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஒரு சீட்டு எழுதிக் கீபோர்டின்மேல் வைத்தாள்.

"கம்ப்யூட்டர் ஓடுது. நான் ஒண்ணும் பண்ணல. உப்புக்காத்துல ரேம் முனை கறுத்துப் போயிருந்திச்சி. ஆஃப் பண்ணாத, மொதல்ல பாப்பா போட்டோவெல்லாம் பென்டிரைவ்ல ஏத்து. இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது. சாவியப் பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் போ."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"சாய்ங்காலம் நானா பேச மாட்டேன். நீ மொதல்ல பேசு."