‘வுடு’ என்று நீங்கள் கத்திய அன்று

என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் இடது காலைக் குறை சொல்லிக்கொண்டே இருந்த என் அருமை மாமாவுக்கு,

காரியம் முடிந்து பத்து நாளாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை மாமா. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன், பைக்கை எடுக்கிறேன், யாராவது கேட்டால் ஹார்ட் அட்டாக் என்று பதில் சொல்கிறேன். கேட்டவர்களுக்குத்தான் கண் கலங்குகிறது.

உங்கள் டயர் கடையை அக்கா திறந்துவிட்டாள். பஞ்சர் ஒட்டுகிற ஆளையும் நிறுத்தவில்லை. உங்கள் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டிருக்கிறாள். கச்சிராயபாளையம் ரோட்டில் வருகிற டிராக்டர்காரர்கள் விஷயம் தெரியாமல் இன்னும் உங்களைத்தான் விசாரிக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் டீமுக்கும் வெள்ளிமலை டீமுக்கும் ஃபுட்பால் மேட்ச். ஆரம்பிக்கும் முன் உங்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பையன்களும் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தரும் உங்கள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

அப்புறம் நம் பழைய கோல்கீப்பர் பழனி மைக்கைப் பிடித்தான். சென்னையில் ஒரு கம்பெனி டீமுக்கு நீங்கள் பார்வர்டு ஆடி கோல் கோலாக அடித்தது, முட்டி போனபின் ஊருக்குத் திரும்பி வந்து எங்களைச் சேர்த்து ஒரு டீம் கட்டியது, எல்லாம் சொன்னான். மேனேஜர் என்றால் சும்மா இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் கருணாபுரத்தில் மேஸ்திரி மேஸ்திரியாகப் போய்க் கெஞ்சி, கட்டட வேலைக்குப் போகிற எங்களுக்கு ஞாயிறு லீவு வாங்கித் தருவார் என்றான். கடைசியில் அந்த ‘வுடு’ கதையையும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாமா.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். சில வருஷத்துக்கு முன் ஒரு பைனலில் இதே வெள்ளிமலையோடு ஆடினோம். ஆளுக்கு ஒரு கோல், முடிய இன்னும் ரெண்டு நிமிடம். வலது பக்கமிருந்து பந்து உருண்டு என் இடது காலுக்கு வந்தது. அவர்கள் கீப்பர் விழுந்து கிடந்தான். கோட்டுக்கு வெளியிலிருந்து நீங்கள் “வுடு” என்று கத்தினீர்கள். நம் ஊரில் ஓங்கி ஒன்று அடிப்பதும் வுடுதான், தொடாமல் போக விடுவதும் வுடுதான். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். பந்து எனக்கு அடியில் புகுந்து வெளியே போய்விட்டது. பெனால்டியில் தோற்றோம்.

நீங்கள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, “இன்னாடா பண்ண?” என்று கேட்டீர்கள்.

“நீங்கதான மாமா வுடுன்னீங்க,” என்றேன்.

பிறகு பையன்களைக் கூப்பிட்டு, மச்சான் மேல் தப்பு இல்லை, என் வாய்தான் தப்பு என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்த வாரமே விசிலையும் ஜெர்சி மூட்டையையும் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தீர்கள். ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் எப்படி டீம் நடத்துவது என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் கிரவுண்டுப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தீர்கள். அன்றிலிருந்து நான்தான் மேனேஜர்.

மாமா, எனக்குத் தப்பாகக் கேட்கவில்லை. அடிக்கத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். கோல் காலியாகக் கிடக்கும்போது எவனாவது பந்தைத் தொடாதே என்பானா? அன்று காலை வேனில் வரும்போது எல்லார் முன்னாலும், பொண்டாட்டி தம்பியாச்சே என்றுதான் இவனை எடுத்தேன் என்றீர்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள். சொன்னது உங்களுக்கு ஞாபகமே இருந்திருக்காது. எனக்கு மேட்ச் முழுக்க அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் குரல் கேட்டதும் ஒரு வீம்பு. தோற்றுத்தான் பாருங்களேன் என்று நினைத்தேன். அரை நொடிகூட இருக்காது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கடைக்கு வந்தேன். டயரைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிப் போனேன். நீங்களாவது ஒரு தடவை, நிஜமாகவே உனக்கு அப்படித்தான் கேட்டதா என்று கேட்டிருக்கக் கூடாதா?

ஞாயிறு மேட்ச் முடிந்ததும் நேராக அக்காவிடம் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள், செருப்பைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

“ஞாயித்துக்கெழம ஆச்சின்னா அந்தப் பழைய ஷூவ எடுத்து தொடச்சி வச்சிக்கினு ஒக்காந்துகினு இருப்பாரு. போய்ட்டுதான் வாங்களேன்னு சொல்லுவேன். நான் போயி எதனா கத்தித் தொலச்சா புள்ளைங்க தோத்துடும், வாணாம்னுட்டு கடைக்குக் கெளம்பிடுவாரு,” என்றாள். “நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தின்னா வந்திருப்பாரு.”

அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன்.

இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. வருகிற ஞாயிறு பையன்கள் எல்லோரையும் உட்காரவைத்து, நான் மேனேஜர் ஆன கதையை அப்படியே சொல்லப்போகிறேன். பழனியும் இருப்பான். அதற்குப் பிறகு என்னை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர்கள் இஷ்டம். உங்களிடம் சொல்லவேண்டியதைத்தான் ஊரிடம் சொல்கிறேன். நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது மாமா.

உங்கள் மச்சான்,
சேகர்