நொண்டக் கூடாத கால்

வேலந்தாவளம்
22-1-1976

அன்புள்ள சாந்தம்மாளுக்கு,

உன் அண்ணன் பெண்சாதி, உன் நங்கை மருதாத்தாள் எழுதுவது. இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது.

ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் முடிந்தது. உடைந்த எலும்புக்குப் பதிலாக இடுப்பில் இரும்புக் குண்டும் தொடைக்குள் ஒரு சாண் கம்பியுமாக நடமாடுகிறேன். மாட்டுக்கு லாடம் அடித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளேயே அடிப்பார்கள் என்று இப்போதுதான் தெரியும். வலி ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு வந்த என் தம்பி, அதுதான் உன் வீட்டுக்காரன் பழனிச்சாமி, நான் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் இத்தனை நாளும் அவனிடம் சொல்லியிருந்தேன். உன் அண்ணன் வண்டிக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையால் அடித்ததையும், விழுந்தவளை மிதித்ததையும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் புருஷனிடமும் கேட்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். அதுதான் எனக்குப் பயம்.

ஒரே பந்தலில் உன் அண்ணனுக்கு என்னையும் என் தம்பிக்கு உன்னையும் கட்டிவைத்தபோது, இரண்டு பெண்களுக்கும் அதுதான் பாதுகாப்பு என்றார்கள். உடனே பதில் போடு.

நங்கை,
மருதாத்தாள்


ஆனைக்கரை
9-2-1976

அன்புள்ள நங்கைக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். விரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை.

உங்கள் தம்பி வந்தவுடன் கேட்டார்: "என்ற அக்கா எந்தக் கால நொண்டுது, தெரியுமாடி?" தெரியாது என்றேன். "எடது கால்" என்று சொல்லி, மண்வெட்டிப் பிடியால் என் இடது இடுப்பில் அடித்தார். காய்ந்துகொண்டிருந்த ஏலக்காயின் மேல் விழுந்தேன். "உன்ற அண்ணன் எங்க வெச்சானோ, அங்கதான் நானும் வெப்பேன்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். தடுத்த கையிலும் விழுந்தது. எலும்பு முறியவில்லை. அது அவருக்குக் குறைதான்.

மாசியில் உங்களைப் பார்க்க வருவாராம். அக்கா நடை நேராகவில்லை என்றால் எனக்கு மீதி இருக்கிறதாம்.

உங்களுக்கு நிஜமாக எப்படி இருக்கிறது? இனி சுருளியம்மாள் பெயருக்கு எழுதுங்கள். என்னோடு ஏலக்காய் பறிக்கிறவள். கடிதத்தைப் பிரிக்க மாட்டாள்.

உங்கள்,
சாந்தம்மாள்


ஆஸ்பத்திரியிலிருந்து
14-3-1976

சாந்தா,

நிஜத்தைக் கேட்டாய். பொய் எழுதி எனக்கும் சலித்துவிட்டது. எழுந்தால் உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். தையல் போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது, கிள்ளினாலும் தெரியாது. அதற்கு நாலு விரல் கீழே சேலை பட்டாலே எரிகிறது. கம்பியின் முனை இருக்கிற இடத்தில் தொடை ஓயாமல் குடைகிறது. இடது கால் நீண்டுவிட்டதுபோல் இருக்கிறது. டாக்டர் அளந்து பார்த்து இல்லை என்கிறார். கிழக்குக் காற்று அடித்தால் இரும்பு குளிர்கிறது என்றேன், சிரித்தார். அவர் இடுப்பில் போட்டுப் பார்க்கட்டும்.

நீ அடிபட்டதை உன் அண்ணனிடம் சொன்னேன், கொஞ்சமாவது உறைக்கட்டும் என்று. "என்ற தங்கச்சி மேலயா கை வெச்சான்?" என்று என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். காதில் ரத்தம். அவர்கள் இரண்டு பேருடைய சண்டையும் நம் உடம்பில்தான் நடக்கிறது. நேரில் பார்த்தால் மட்டும் "வாங்க மாப்ள, உக்காருங்க."

அதனால் நான் நொண்டாமல் நடக்கப் பழகினேன். மாட்டுக்கொட்டகையில், முந்தானையைக் கடித்துக்கொண்டு. தம்பி வந்த அன்று ஒரு எட்டுகூட நொண்டவில்லை. அவனுக்கு இலை போட்டேன். "நீயும் உக்காருக்கா, சேந்து சாப்படலாம்" என்றான். கால் மடக்கி உட்காரவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. உன்னை நினைத்துக்கொண்டு சம்மணம் போட்டேன். குண்டு இடுப்பெலும்புக் கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிட்டது. நான் போட்ட அலறலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இங்கே நாலு பேர் காலைப் பிடித்து இழுத்துக் குண்டை உள்ளே தள்ளினார்கள்.

தம்பி என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான். நாலு நாளில் ஊருக்குப் புறப்படுவான். இந்தக் கடிதம் அவனுக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும். உன் இடுப்பைக் காப்பாற்றிக்கொள்ளடி.

மருதாத்தாள்


சூரியநெல்லி
2-4-1976

அன்புள்ள நங்கைக்கு,

உங்கள் கடிதம் அவருக்கு முன்னால் வரவில்லை. சுருளியம்மாள் இங்கே கொடுத்தனுப்பித்தான் படித்தேன்.

"என்ற அக்காவக் கழட்டிப் போட்டுட்டானேடி" என்று அழுதுகொண்டே உள்ளே வந்தார். அழுதுகொண்டேதான் மண்வெட்டியை ஓங்கினார். நான் அடுப்பில் எரிந்த விறகை உருவி அவர் முழங்கையில் வைத்து அழுத்தினேன். மண்வெட்டி கீழே விழும்வரை எடுக்கவில்லை. தோல் கருகிய நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. உங்கள் கூடப்பிறந்தவர் என்பது அப்போது நினைவில் இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தும் வருத்தம் வரவில்லை. என்னை மன்னியுங்கள்.

சுருளியம்மாளின் தங்கை இங்கே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அவள் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் தற்காலிகமாக வேலை கிடைத்திருக்கிறது. அவர் வந்தாலும் சரி, என் அண்ணனே வந்தாலும் சரி, திரும்ப மாட்டேன்.

ஆகையால் உங்கள் தம்பியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் நான் இல்லை. உங்கள் நடையைப் பார்த்து இனி என்னை யாரும் அடிக்க முடியாது. வலித்தால் கத்துங்கள், நங்கை. முந்தானையைக் கடிக்காதீர்கள். கால் ஊன்ற முடிகிற அன்று அந்த வீட்டைவிட்டு இறங்குங்கள். தெருவே பார்க்கட்டும். பஸ் நிற்கிற இடம்வரைக்கும் நன்றாக நொண்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்,
சாந்தம்மாள்