மிளகு மடித்த தாள்கள்

மகளுக்கு,

பரீட்சை வாரத்தில் நீ பாடத்தை மூடிவிட்டுச் சீனத்துத் தாவோ தத்துவத்தைப் படித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் புத்தகத்தைக் கிழித்து, வியாபாரிகளுக்கு அனுப்பும் சாம்பிள் மிளகை அதன் தாள்களில் மடித்தவனும் நான்தான். "கிழிச்சுக்கோங்கோப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு விடுதிக்குப் போனாய். அதைத் திமிர் என்று நினைத்தேன்.

நேற்று எர்ணாகுளம் வியாபாரி ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்தார். "சேட்டா, இது உங்க மோளோட எழுத்தாக்கும். மிளகு எனக்கு, பேப்பர் உங்களுக்கு."

சண்டையிடாமல் பள்ளம் நோக்கிப் போகும் தண்ணீரைப் பற்றிய பக்கம் அது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய்: "அம்மா இறந்த வருஷம் அப்பா இப்படித்தான் இருந்தார்."

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகுக் கடைகளில் ஏறி இறங்கிப் பதினொரு தாள்களை மீட்டிருக்கிறேன். எனக்குச் சமாதானம் எதுவும் எழுதாதே. புத்தகத்தில் மொத்தம் எத்தனை தாள்கள் என்று மட்டும் எழுது.

அப்பா