மொட்டில்லாத மிதியடி

குன்றின் தாய் காக்க. ஏரிகள் நிறைக, எல்லைகள் அடங்குக, நெல் முற்றும் வரை காற்று பொறுத்திருக்க.

வேங்கைக்குன்றத்து அரியணையில் வீற்றிருக்கும் வேங்கைக்கோ கடம்பனாரின் திருவாணையால், பேரமைச்சர் தத்தனார், தென்கோட்டைத் தண்டநாயகரும் அரசரின் சிறிய தந்தையுமாகிய ஏனாதி வயவனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் நிலைக்க. உம் குதிரைகளுக்குப் புல் குறையாதிருக்க. உம் இல்லத்து விளக்கு என்றும் அணையாதிருக்க.

உமது ஓலை வந்து சேர்ந்தது. அரச மிதியடியின் வடிவை மாற்றிய மருதி என்பவளின் வலக்கையை அறுத்துப் பேழையிலிட்டு அனுப்ப வேண்டும் எனவும், அனுப்பாவிடில் தென்படை வடக்கு நோக்கி எழும் எனவும் அதில் கண்டோம். படித்தபோது யாம் அஞ்சினோம், அதை மறைப்பானேன்? ஆயினும் தண்டநாயகர் தீர்ப்புரைக்குமுன் நடந்ததைக் கேட்டருள்க. மருதி எம்மிடம் சொன்னவற்றை அவள் பேச்சிலேயே வரைந்துள்ளோம். அவற்றை அவை நடைக்குத் திருத்த எமக்கு மனம் வரவில்லை.

மருதி கீழைவாயில் தெருவில் தோல் தைப்பவள். அவள் கணவன் சாத்தன் அரச மிதியடி தைத்தவன்; சென்ற மழைக்காலத்துக் காய்ச்சலில் மாண்டான். அவன் போனபின் அவள் வீட்டில் எதையும் இடம் மாற்றவில்லை. அவன் உளி அவன் மாட்டிய ஆணியிலேயே தொங்கியது. பாயில் தன் பாதியிலேயே படுத்தாள். உலையில் இருவருக்கு அரிசியிட்டு, மிஞ்சியதை மறுநாள் நீராகாரமாகக் குடித்தாள்.

அறுவடை முடிந்து குன்றேற்ற விழா நெருங்கிய வேளையில், நண்பகலில் அரண்மனைக் காவலர் அவள் வாசலில் நின்றனர். காரணம் சொல்லவில்லை. வழியெல்லாம் தான் செய்த பிழை யாதெனத் தேடித் தேடி, ஒன்றும் அகப்படாமல், அதனாலேயே அவள் மேலும் அஞ்சினாள்.

நீராடு மண்டபத்தில் அரசர் தனித்திருந்தார். ஏவலரை அகற்றிவிட்டு, வலக்காலில் சுற்றிய துணியை அவரே அவிழ்த்தார். பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை. சென்ற போரில் கழிமுகத்துச் சேற்றில் நின்று அழுகிய விரல்களை மருத்துவர் களைந்திருந்தார். எஞ்சிய பாதத்தில் உணர்வும் இல்லை. இதை அறிந்தோர் மருத்துவரும் யாமும் மட்டுமே.

அரச மிதியடியின் வடிவை நீர் அறிவீர். விரலிடுக்கில் பற்றுதற்கு ஒரு வெள்ளி மொட்டு. அதுவன்றி வாருமில்லை, கட்டுமில்லை. அதை அணிந்து குன்றின் படிகளை ஏறுகையில் அரசன் விழுந்தால், தாய் அவனைக் கைவிட்டாள் என்பது தொல்வழக்கு. விழுந்தவனின் முடி அடுத்த உரிமையாளரைச் சேரும். அவ்வுரிமையாளர் நீரே.

உள்முற்றத்தில் பயின்றபோதே தாம் விழுந்ததாகவும், காலில் நிற்கும்படி மிதியடியை மாற்றித் தரவேண்டும் எனவும் அரசர் பணித்தார். பணித்தவர் வாயிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததை மருதி கண்டாள். அரசன் அஞ்சுவதைக் காண்பது தன் அச்சத்தினும் கொடிதாயிருந்தது அவளுக்கு.

“மாத்தினா கை போகும் சாமி. மாத்தாம நீங்க விழுந்தா தலை போகும். இதுல எதைச் செய்யட்டும் நான்?” என்று கேட்டு அழுதாள்.

அரசர் மீண்டும் காலில் துணியைச் சுற்றினார். கேட்டறிந்துவிட்ட மறைபொருளோடு அவள் வீடு திரும்பவும் இயலாது. மண்டபத்தை அடுத்த அறையில் அவளுக்குத் தோலும் உளியும் தந்து, வாயிலில் காவல் வைத்தோம்.

வாளோசை கேட்கும்போதெல்லாம் தையல் கோணியது. மொட்டை நீக்க அஞ்சி, அதை வைத்தபடியே குதிகாலுக்கு ஒரு வார் தைத்துப் பார்த்தாள். அரசர் அணிந்து முற்றத்தை வலம் வந்தார். நழுவவில்லை என்று முகம் மலர்ந்தார். அவர் மலர்ந்து நின்ற இடம்வரை கல்தரையில் குருதித் தடம் இருந்தது. மொட்டின் அடி பழைய புண்ணைக் கிழித்திருந்தது, அவருக்கோ தெரியவில்லை.

“நில்லுங்க! நடக்காதீங்க!” என்று அரசரை அதட்டினாள் மருதி. அதட்டிய பிறகே யாரை அதட்டினோம் என்று உணர்ந்து, தரையில் அமர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று அவள் கையில் உளி எடுக்கவில்லை. பின்னாளில் எம்மிடம் இவ்வாறு உரைத்தாள்: “நான் தச்சது போன வருசத்துக் காலுக்குங்க. அந்தக் கால் இப்ப இல்லை. என் வீட்டையும் அப்படித்தான் வச்சிருந்தேன், போன ஆளு திரும்பி வந்து உட்காரப் போறாப்புல. அது புரிஞ்சப்ப அழுகை வரலை. பயந்தான் வந்துச்சு. பழசு இல்லைன்னா எதைப் பார்த்து வெட்டுறது?”

மறுநாள் மொட்டை நெம்பி எடுத்தாள். புறங்காலை மூடும் அகன்ற பட்டை வைத்தாள், கணுக்காலைச் சுற்றி ஒரு கட்டு, உள்ளே மான்தோல், முன்விளிம்பில் படி தடுக்காதிருக்க மேல்நோக்கிய ஒரு வளைவு. உணர்வற்ற காலுக்குக் கண்ணே காவல் என்று, நாள்தோறும் அந்தியில் பாதத்தைப் பார்க்கும்படி அரசரை வேண்டினாள்.

விழாவன்று ஊர் முழுதும் குன்றடியில் திரண்டது. அரசர் சில படிகளே ஏறியிருப்பார். காற்றெழுந்து பட்டாடையை ஒதுக்கியது.

“மொட்டு எங்கே?” என்று கூவினார் பூசகர்.

கூட்டம் இரைந்தது. தைத்தவள் யாரென்பதை எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் நின்ற மருதியைக் காவலர் பற்றி இழுத்துச் சென்று, கை தறிக்கும் அடிவாரத்து ஆணைக்கல்லின்மேல் அவள் வலக்கையை நீட்டி வைத்தனர். கல் வெயிலில் சுட்டது. படிமேல் நின்ற அரசர் திரும்பிப் பார்த்தார்.

“ஏறிப் போயிருவாருன்னு நெனச்சேன். வந்தா அவரு கால் தெரிஞ்சிரும், தாய் கைவிட்டுட்டாள்னு நாடு போயிரும். எனக்காக யாரு நாட்டை விடுவா?” என்றாள் எம்மிடம்.

அரசர் மேலும் ஒரு படி ஏறினார். பின்பு மெல்ல இறங்கினார். கடைசிப் படியில் அமர்ந்து, கட்டவிழ்த்து, அந்தப் பாதத்தை ஊர் காண நீட்டினார்.

“மாற்றச் சொன்னவன் நான். கை வேண்டுமென்றால் என் கையை வையுங்கள்” என்றார்.

காவலர் மருதியின் கையை விடவில்லை. அப்போது வேற்படை வீரன் ஒருவன், கோலூன்றி, கூட்டத்தை விலக்கி வந்தான். அரசரைப் பார்க்கவில்லை, நேரே ஆணைக்கல்லை அடைந்து தன் சிதைந்த காலைக் காட்டினான்.

“எனக்கும் அதே சேறுதான் தாயீ. வீட்டுக்கு வந்து இன்னும் வாசல் தாண்டலை. எனக்கும் இப்படி ஒண்ணு தச்சுத் தருவியா?” என்றான்.

காவலர் தாமாகவே கையை விட்டனர். அரசர் மீண்டும் அணிந்து ஏறினார். நடுவில் ஒருமுறை தடுமாறிக் கையூன்றினார். ஊன்றி எழுந்து உச்சியை அடைந்தார். ஊர் வாழ்த்தியது. சிலர் வாழ்த்தவில்லை, அதையும் எழுதுகிறோம்.

மருதி தெளிந்தாள் என்று எண்ணற்க. இன்றும் வாயிலில் குளம்பொலி கேட்டால் வலக்கையைச் சேலைக்குள் ஒளிக்கிறாள். உம் தூதன் வந்தபோதும் அவ்வாறே செய்தாள்.

இதற்குமேல் கடுஞ்சொல் வரையவே யாம் எழுத்தாணி எடுத்தோம். அரசர் தடுத்தார். அவர் உரைத்தது இது: அச்சேற்றில் சிறிய தந்தை தம்மினும் நெடுநேரம் நின்றவர். போர் முடிந்தபின் அவர் மண்ணில் நடந்து எவரும் கண்டதில்லை. கோட்டை முற்றத்தைக் கடக்கவும் குதிரையிலேயே செல்கிறார் என்று கேள்வி. ஆதலின் அவரை அதட்டி எழுதற்க.

மருதியிடமும் கேட்டோம். நெடுநேரம் தன் கையைப் பார்த்திருந்தாள். “வரச் சொல்லுங்க. வாளை வெளியில வச்சிட்டு வரச் சொல்லுங்க” என்றாள்.

ஆகவே ஆணை இது. மொட்டைப் பற்றிய தண்டனை இன்றோடு ஒழிந்தது. தென்படை இருந்த இடத்திலேயே இருக்க. தண்டநாயகர் தனித்து வருக. கீழைவாயிலில் மருதி அமர்ந்திருப்பாள். அரசரும் வெறுங்காலோடு அருகிருப்பார். உம்மை நகைப்போர் அங்கு ஒருவரும் இரார்.

வேங்கை இலச்சினை இட்டோம். ஓலை கொணர்பவனை நலமே திருப்புக. வாயிலை அடைந்ததும், சிறிய தந்தையே, குதிரையினின்று இறங்குக.